வலைப்பையில் பூத்தது

கோயிலில் ஆராதனை முடிந்து தனசீலனும் ஜெயசீலியும் படியேறி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த நாற்றம் முதலில் வந்தது. லிஃப்ட் அன்றைக்கு ஓடவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஜெயசீலி சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

“என்னமோ செத்துக் கெடக்கு.”

“பெருச்சாளியா இருக்கும். வாட்ச்மேன்ட்ட சொல்லுதேன்.”

மூன்றாம் மாடியில் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் நாற்றம் உள்ளேயும் இருந்தது. குளியலறையில்தான் அதிகம். அந்தக் கட்டடத்தின் குளியலறை ஜன்னல்கள் எல்லாம் நடுவிலிருக்கும் ஒரு குறுகலான இடைவெளியைப் பார்த்துத் திறப்பவை. டக்ட் என்பார்கள். தரையிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் கிணற்றைத் தலைகீழாக நிறுத்தியதுபோல் ஏறும் அதற்குள் குழாய்களும் புறாக்களும் இருட்டும்தான். ஒரு வீட்டுக்காரர் இருமினால் எட்டு வீடுகளுக்குக் கேட்கும். எந்த வீட்டிலிருந்து என்று மட்டும் தெரியாது. ஜெயசீலி ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழைய பேப்பரைச் செருகி, மேலே டேப் ஒட்டினாள். வீட்டுக்குள் நாற்றம் குறைந்தது. அதற்கப்புறம் அந்த ஜன்னலை அவர்கள் திறக்கவில்லை.

தனசீலனுக்கு அந்த வருஷம் தோட்டம் நன்றாக வந்திருந்தது. தோட்டம் என்றால் பால்கனிதான். ஐரோலியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் மேனேஜர் வேலை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டிகளுக்கு முன்னால் போய் நிற்பார். அவர் வளர்த்ததெல்லாம் கிழங்குச் செடிகள். ஏப்ரல் வரைக்கும் தொட்டிகளில் பாதி வெறும் மண்ணாகக் கிடக்கும். பார்க்க வருகிறவர்கள், “இது பட்டுப்போச்சா?” என்று கேட்பார்கள். மே பிறந்ததும் இலை ஒன்றுகூட இல்லாமல் ஒரு தண்டு மட்டும் மண்ணைக் கீறிக்கொண்டு எழும். சில நாளில் அதன் உச்சியில் ஊசி ஊசியாக விரிந்து உருண்டையாக ஒரு சிவப்பு நிற்கும். ஃபுட்பால் லில்லி. வெயில் ஊரையே வறுக்கும்போது அந்தப் பந்துகள் மட்டும் கொழுத்துத் திரண்டு, கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். பக்கத்திலேயே நிலச்சம்பங்கி. சிலந்திக் கால்களைப்போல இதழ் நீண்ட வெள்ளை லில்லி. கம்பியைப் பற்றி ஏறும் காந்தள்.

கட்டடத்துப் பிள்ளைகளுக்கு அவர் லில்லி அங்கிள். சொசைட்டி செக்ரட்டரி வெங்கடராமன், மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர், வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு அவரிடம்தான் சம்பங்கி வாங்கிப்போவார். ஒருமுறை லிஃப்டுக்குள் நாலு பேர் முன்னால், “மூணாம் மாடில எறங்கினாலே போறும், வாசனையே சார் ஆத்துக்குக் கூட்டிண்டு போயிடும்” என்றார். சாதாரணப் பேச்சு. தனசீலன் அதைப் பல நாள் மனதுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

அதற்குக் காரணம் உண்டு. அவர் பிறந்தது தாராவியில். அப்பா அங்கே ஒரு தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று பச்சைத் தோலை ஊறவைத்து மயிர் உதிர்த்தவர். ராத்திரி எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காலையில் தலையணையில் அந்த வாடை இருக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் தன் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனான். சண்டை இல்லை, கேலிகூட இல்லை. போய் உட்கார்ந்தான், அவ்வளவுதான். இந்தக் கட்டடத்தில் யாருக்கும் இதெல்லாம் தெரியாது. அப்பாவுக்கு சயானில் பிசினஸ் என்று சொல்லிவைத்திருந்தார். இங்கே குடிவந்த நாளிலிருந்து வீட்டில் கருவாடு கிடையாது. ஜெயசீலி முதல் வருஷம் முணுமுணுத்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

நாற்றம் இரண்டு நாளில் தணிந்தது. வெள்ளிக்கிழமை மறுபடி வந்தது, முன்னைவிட மோசமாக. வெயில் ஏற ஏற அதுவும் ஏறியது. டக்டின் அடியைச் சுத்தம் செய்ய ஆள் விட்டார்கள். செத்த புறா ஒன்று கிடைத்தது. எல்லோருக்கும் நிம்மதி; அரைநாள்தான். மேலே அண்ணாந்து பார்த்த ஆள் ஒவ்வொரு ஜன்னலுக்கு வெளியிலும் துடைப்பமும் வாளியும் வெங்காயப் பையும் தொங்குவதைப் பார்த்துவிட்டுப் போனான். சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில், யாரோ மாமியாரைக் கொன்று ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று ஒருத்தர் எழுத, பத்துப் பேர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பிறகு இரண்டாம் மாடி என்று எழுதத் தொடங்கினார்கள்.

இரண்டாம் மாடியில், தனசீலன் வீட்டுக்கு நேர் கீழே, வாடகைக்கு இருந்தவர்கள் அல்தாப்பும் அதீபாவும். மேலப்பாளையத்துக்காரர்கள். கைக்குழந்தை ஒன்று. அல்தாப்புக்குத் தாராவியில் பர்ஸ், பெல்ட் தைக்கிற சின்னப் பட்டறை. அவசர வேலையென்றால் வெட்டின தோல் துண்டுகளை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து தைப்பான். குடிவந்த புதிதில் ஜெயசீலி படியில் போனில் பேசிக்கொண்டு போனதைக் கேட்டு அதீபா கதவைத் திறந்தாள். “நீங்க நம்ம ஊருப் பக்கமாக்கும்! பேச்சக் கேட்டதும் எங்க பெரியம்மா வந்துட்டாகளோன்னு நெனச்சேன்.” அன்றிலிருந்து தனசீலன் அவளுக்கு அண்ணாச்சி.

ஞாயிறு மாலை, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். பேச்செல்லாம் ஹிந்தியில். அல்தாப் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். நாற்காலி இருந்தது, அவன் உட்காரவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதீபா படியருகில்.

வெங்கடராமன் மரியாதையாகத் தமிழுக்கு மாறினார். “தப்பா நெனச்சுக்காதீங்கோ அல்தாப் பாய். ஆத்துல லெதர் வச்சிருக்கேளா?”

“இருக்கு சார். வெட்டின பீஸு. அது ரெடி லெதர், நாறாது. உங்க பாக்கெட்ல இருக்க பர்ஸும் அதுதான சார்?”

“நீங்க நாறாதுங்கறேள். மூக்கு நாறறதுங்கறதே.”

நான்காம் மாடிக்காரர் ஒருத்தர், சமடா என்றால் சமடாதான், எந்தத் தோலும் மிருகத்தின் மேலிருந்து உரித்ததுதானே என்றார் ஹிந்தியில். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அல்தாப் சுற்றிலும் பார்த்தான். அவன் பார்வை வந்து நின்ற இடம் தனசீலன்.

“அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க. பட்டறைத் தோலு இப்பிடியா நாறும்?”

இப்படி நாறாது. அந்த ஞாயிற்றுக்கிழமை படியில் முதல் மூச்சிலேயே தனசீலனுக்கு அது தெரிந்திருந்தது. பச்சைத் தோலின் நாற்றம் வேறு. அதில் உப்பும் சுண்ணாம்பும் கலந்து தொண்டையைக் காறும். பதனிட்ட தோலுக்குச் செருப்புக் கடை வாசம். டக்டில் ஏறிய நாற்றம் இரண்டும் இல்லை. அங்கே கூடியிருந்தவர்களில் இதைச் சாட்சி சொல்லத் தகுதியுள்ள மூக்கு ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது வாயைத் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

“எனக்கு அதப்பத்தி என்ன தெரியும் தம்பி” என்றார் தனசீலன்.

அல்தாப் தலையை ஆட்டினான், சரிதான் என்பதுபோல. ஜூன் கடைசியில் அவர்களுடைய வாடகை ஒப்பந்தம் முடிகிறது. மஸ்கட்டிலிருக்கும் வீட்டு ஓனரிடம் அதைப் புதுப்பிக்க வேண்டாமென்று சொசைட்டி சார்பில் சொல்வது என்று முடிவாயிற்று. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். தனசீலன் கையைத் தோள் உயரம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். காதைச் சொறிகிறார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். வெங்கடராமன் அதையும் எண்ணிக்கொண்டார்.

ஜெயசீலி அன்றிரவு சோறு போடும்போது, “நீங்களும் தூக்குனீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அவர் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் பேச்சு நின்றால் நின்றதுதான். மின்விசிறி ஓடும் சத்தத்தில் இரண்டு பேரும் சாப்பிட்டு முடிப்பார்கள்.

நடுவாரத்தில் வேலையிலிருந்து வந்தபோது இரண்டாம் மாடிப் படியில் அதீபா குத்தவைத்துத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஃபினாயில் நெடி கண்ணில் எரிந்தது. அவரைக் கண்டதும் எழுந்தாள்.

“அண்ணாச்சி, ஒரு நிமிசம். தோலு மூட்டையெல்லாம் பட்டறைக்கே போயிட்டு. ஃப்ரிஜ்ஜக் காலி பண்ணிக் கழுவிட்டேன். குப்பைய ஒரு நாளைக்கு ரெண்டு மட்டம் கீழ கொண்டுபோறேன். அப்பமும் எங்க வாசலத் தாண்டும்போது எல்லாரும் மூக்கப் பொத்துதாங்க.” சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கே இப்பம் சந்தேகமா இருக்கு. அவங்கவங்க வீட்டு நாத்தம் அவங்கவங்களுக்குத் தெரியாதும்பாங்கல்லா. நீங்க வெளியாளு. கொஞ்சம் என் கைய மோந்து பாத்துச் சொல்லுங்க.”

அவள் கையை நீட்டினாள். தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. தனசீலனுக்குப் படியில் இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. குனிந்தார்.

“ஒண்ணும் இல்லம்மா. சோப்பு வாசந்தான்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

அதீபா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். “அப்பம் அன்னைக்குக் கூட்டத்துல சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி” என்றாள். குத்திக்காட்டும் தொனி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தனசீலன் லஞ்ச் பையைத் தோள் மாற்றினார். உள்ளே குழந்தை அழத் தொடங்கியதும் இருவரும் தப்பித்தார்கள்.

சனிக்கிழமை காலையில் வானம் முதல்முறையாக மூடியிருந்தது. மழை இறங்குவதற்குள் கலேடியம் கிழங்குகளை நட்டுவிட வேண்டும். இலையெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகக் கோலம் போட்டதுபோல் வரும், ஜெயசீலிக்குப் பிடித்த செடி. கிழங்குகளை எங்கே வைத்தோம் என்று யோசித்தபோதுதான் நினைவு வந்தது. குளிர்காலத்தில் மலையடிவார நர்சரி ஒன்றிலிருந்து வரவழைத்தவை. கூடவே வேறு சில உருண்டைக் கிழங்குகளைக் காகிதத்தில் சுற்றி இலவசமாக அனுப்பியிருந்தார்கள், பெயர்கூடப் போடாமல். எல்லாவற்றையும் வெங்காயம் போடும் வலைப்பையில் கட்டி, நிழலில் காற்றோட்டமாக இருக்கட்டும், எலி எட்டாமல் இருக்கட்டும் என்று டக்ட் பக்கம் குளியலறை ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தார். கம்பியின் ஓரத்தில், உள்ளிருந்து பார்த்தால் தெரியாத இடம்.

டேப்பைக் கிழித்தார். பேப்பரை உருவினார். ஜன்னலைத் திறந்ததும் நாற்றம் உள்ளே வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கையை வெளியே விட்டுப் பையை இழுத்தார்.

பை பூத்திருந்தது.

மண் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, இலை இல்லை. வலையின் கண்களைப் பிதுக்கிக்கொண்டு அந்தப் பெயரில்லாத கிழங்குகளிலிருந்து பூக்கள் வந்திருந்தன. இரண்டு வாடிக் கறுத்துத் துவண்டு தொங்கின. ஒன்று விரிந்திருந்தது. பூ என்று அதைச் சொல்ல வாய் வராது. முழ நீளத்துக்கு ஒரு மடல், மஞ்சளும் பச்சையுமான தரையில் ஊதாப் புள்ளிகள், சிறுத்தைத் தோலை ஈரத்தோடு தொங்கவிட்டதுபோல. நடுவிலிருந்து கறுஞ்சிவப்பாக ஒரு வால். அதன்மேல் ஈக்கள். இன்னொரு கிழங்கில் அடுத்த மொட்டு, ஈட்டி முனையாக.

அவருக்கு முதலில் தோன்றியது, இந்த வெட்கக்கேட்டிலும் அதுதான் முதலில் தோன்றியது, எவ்வளவு அழகு என்பது. பல வருஷமாகப் பூ வளர்க்கிற கை தன்னால் நீண்டு அந்த வாலைத் தொட்டது. சூடாக இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப்போலச் சூடு. கையை உதறினார்.

அங்கேயே, மூடிய குளியலறைக் கதவுக்குப் பின்னால், பூ, மொட்டு, கிழங்கு எல்லாவற்றையும் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டினார். பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. கட்டடத்துக் குப்பைத் தொட்டியில் போட்டால் யாராவது கிளறலாம். லஞ்ச் பையில் வைத்துக்கொண்டு வெளியே இறங்கினார். இரண்டாம் மாடியைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார்; பிறகுதான் நாற்றம் தன் கையிலிருக்கும் பையில்தான் என்று உறைத்தது.

ஸ்டேஷன் போகும் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். பிள்ளையார் கோயில் திருப்பத்தில் அவள் துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டுபோனாள். அவர் பக்கம் பார்த்தாள். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிப்போனாள். தனசீலன் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு வெளியே எட்டித் துப்பினான்.

ஸ்டேஷன் ஓரத்துக் குப்பைக் கொட்டகையில் பையை எறிந்துவிட்டுத் திரும்பி வந்தபோது கட்டடத்து வாசலில் கைவண்டி நின்றது. அல்தாப்பும் பழைய சாமான் எடுக்கும் ஒரு கபாடிக்காரனும் மெத்தையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னால் பழைய ஃப்ரிஜ், இரண்டு ஜமுக்காளம், குழந்தையின் தொட்டில் துணி மூட்டை. அல்தாப் அவரைப் பார்த்து வியர்வையைத் துடைத்தான்.

“மிச்சம் மீதி எல்லாத்தயும் எறக்கிட்டேன் அண்ணாச்சி. இதுலயும் நாத்தம் போவலன்னா எங்க மேல் தோலத்தான் உரிச்சுப் போடணும்” என்று சிரித்தான்.

சாயங்காலத்துக்குள் கட்டடம் சுத்தமாகிவிட்டது. ஞாயிறு காலையில் குரூப் முழுக்கக் கைதட்டல் படங்கள். மெத்தைக்குள்தான் இருந்திருக்கிறது என்று ஒருத்தர். ஃப்ரிஜ் என்று இன்னொருத்தர். இவ்வளவு நாள் குழந்தையை வைத்துக்கொண்டு அதில் எப்படிப் படுத்தார்களோ என்று ஒரு பெண்மணி. தனசீலன் கோயிலுக்குக் கிளம்பும்போது லிஃப்டில் வெங்கடராமன் இருந்தார்.

“பாத்தேளா சார்? நாம கண்டிச்சதும் நின்னுடுத்து. பாவந்தான், என்ன பண்றது. ஓனருக்கு இன்னிக்கு ராத்திரி போன் பண்ணிடறேன். இனிமே நம்ம பில்டிங்ல உங்க சம்பங்கி வாசனைதான்.”

கோயிலில் தனசீலன் எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஜெயசீலி முழங்கையால் இடித்தாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னார். எல்லாவற்றையும், தொட்டபோது இருந்த சூட்டைக்கூட.

ஜெயசீலி சேலை மாற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். “அந்தப் புள்ள மெத்தையத் தூக்கிப் போட்டுட்டா.”

“ஆமா.”

“நாம போய்ச் சொன்னா, கடைசில நாத்தம் புடிச்ச வீடு நம்ம வீடும்பாங்க. எனக்குத் தெரியும்.” தலைப்பைச் சுருட்டிப் பிரித்தாள். “அதுக்காவ நான் வேண்டாங்கல. ஆனா என்னையக் கூட்டிட்டுப் போவாதீங்க. அவ மொகத்த என்னால பாக்க முடியாது.”

வெங்கடராமன் வீட்டில் காபி வந்தது. தனசீலன் அதைத் தொடாமல் சொல்லி முடித்தார். வெங்கடராமன் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, குழந்தையின் பொய்யைக் கேட்டவர்போலக் கனிவாகச் சிரித்தார்.

“பூவாவது, பொணமாட்டம் நாறறதாவது! சார், உங்க நல்ல மனசு எனக்குப் புரியறது. உங்க ஊர்ப் பக்கத்து மனுஷா, குழந்தை வேற. அதுக்காகப் பழியத் தலைல போட்டுக்கணுமா என்ன?”

“போட்டுக்கல சார். பூ எங்கிட்டதான் இருந்துச்சு.”

“சரி, எங்கே, காட்டுங்கோ.”

“வெட்டி எறிஞ்சிட்டேன்.”

“பாத்தேளா!” வெங்கடராமன் தொடையில் தட்டினார். “இந்தக் காலத்துல இப்படி ஒருத்தர். நான் எல்லார்ட்டயும் சொல்லத்தான் போறேன்.”

தனசீலன் உட்கார்ந்திருந்தார். காலையில் லிஃப்டில், உண்மையை மறைத்ததற்குப் பாராட்டு வாங்கியிருக்கிறார். இப்போது உண்மை சொன்னதற்கும் பாராட்டு. இப்படியே எழுந்து போய்விடலாம். சொல்லியும் ஆயிற்று, நல்லவராகவும் ஆயிற்று. கதவு வரைக்கும் போனால் போதும். அந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்ததென்று உணர்ந்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

“சார், எங்க அப்பா சயான்ல பிசினஸ் பண்ணல” என்றார். “தாராவில தோல் ஊறப்போட்டவரு. நான் அந்தக் கிடங்குக்குப் பின்னாலதான் பொறந்து வளந்தேன். பச்சத் தோலு எப்பிடி நாறும், வேலை முடிஞ்ச தோலு எப்பிடி நாறும்னு இந்த பில்டிங்ல எனக்கு மட்டுந்தான் தெரியும். இது ரெண்டும் இல்லன்னு மொத நாளே தெரியும். அல்தாப் என்னையக் கேட்டான். தெரியாதுன்னுட்டேன். அது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.”

வெங்கடராமனின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போயிற்று. காபி டம்ளரை ஒரு விரற்கடை நகர்த்தினார்.

“அதெல்லாம் இப்போ எதுக்கு சார்” என்றார் மெதுவாக. உள்ளே குக்கர் விசில் அடித்தது. “சரி. ஓனருக்கு நான் போன் பண்ணலை. குரூப்ல நீங்களே போட்டுடுங்கோ.”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தனசீலன் போனில் எழுதினார். நாற்றம் என் வீட்டுக் கிழங்குச் செடியின் பூவிலிருந்து வந்தது. இரண்டாம் மாடி மேல் தவறில்லை. மன்னிக்கவும். எழுதி அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். நிறையப் பேர் படித்துவிட்டார்கள் என்று காட்டியது. யாரும் ஒன்றும் எழுதவில்லை.

அந்தக் குரூப்பில் வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும்தான். வாடகைக்கு இருப்பவர்கள் கிடையாது. ஆகவே இரண்டாம் மாடிக்கு அவர் வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

கதவைத் திறந்தது அதீபா. அல்தாப் பட்டறைக்குப் போயிருந்தான். அறையில் மெத்தை இருந்த இடத்தில் பாய் விரித்திருந்தது. அதன்மேல் குழந்தை கிடந்தது. வேறு சாமான் அதிகமில்லை.

“வாங்க அண்ணாச்சி. நாத்தம் போயிட்டுல்லா? இப்பம் கீழ் வீட்டு அம்மா பேசுனாங்க. மெத்தையிலதான் இருந்திருக்கும் போல, எனக்குத் தெரியாமலே போச்சு.” அவள் முகத்தில் நிம்மதி இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டவர்களின் நிம்மதி.

அவர் வாசல்படியிலேயே நின்று சொன்னார். பூவைப் பற்றிச் சொன்னார். வெட்டினதைச் சொன்னார். மெத்தை வண்டியில் ஏறியபோது பார்த்துக்கொண்டே மாடியேறிப் போனதைச் சொன்னார். தோலைப் பற்றித் தனக்குத் தெரியும் என்பதைச் சொல்ல நாக்கு மிகவும் தயங்கியது, அதையும் சொன்னார்.

அதீபா குழந்தையைப் போய்த் தூக்கிவந்தாள். அதன் கையை விரித்து அவருக்குக் காட்டினாள். முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தோல் சிவந்து, வறண்டு, பொருக்கு விட்டிருந்தது.

“இவ மேலதான் வருதோன்னு நெனச்சேன்” என்றாள். “ஒரு நாளைக்கு நாலு மட்டம் டெட்டால் போட்டுக் குளிப்பாட்டுனேன். அழுவும். வாயப் பொத்திக் குளிப்பாட்டுனேன்.”

தனசீலன் அந்தச் சின்னக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெத்தை, ஃப்ரிஜ் எல்லாம் நான் வாங்கித் தாறேன்மா. ஓனர்ட்ட யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நீங்க இங்கனயே இருக்கலாம்.”

“எங்க வீட்டுக்காரர் வந்ததும் அவர்ட்டயும் நீங்களே சொல்லுங்க சார்.”

சார் என்றாள். கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. அப்படிக் கூப்பிடுவதுதான் இனி சரி என்று முடிவு செய்ததுபோல் சொன்னாள்.

“எப்ப வருவான்?”

“எட்டு ஆவும்.”

குழந்தை கண்ணைக் கசக்கியது. அதீபா அதைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். சமையல்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பிறகு பாத்திரம் வைக்கும் சத்தம். அவள் கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் அவர் மாடிக்குப் போயிருப்பார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மேலேயிருந்து இறங்கி வந்த யாரோ அவரைப் பார்த்ததும் நடை தயங்கி, சுவரோரமாக ஒதுங்கிக் கடந்துபோனார்கள். தனசீலன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, திறந்த கதவுக்கு வெளியில், எட்டு மணி வரைக்கும் நிற்பதென்று நின்றார்.